ராமுத்தாய் தைத்த விரலுறை

ராமுத்தாய் பயப்படாத பொருள் திருப்பூரில் ஏதாவது உண்டென்றால், அதை இன்னும் யாரும் அவளுக்குக் காட்டவில்லை என்றுதான் அர்த்தம். குக்கர் இரண்டாவது விசில் அடித்ததும் வாசலுக்கு வந்துவிடுவாள். மூன்றாவது விசிலுக்குத் தெருவில் நிற்பாள். சார்ஜில் கிடக்கும் போன் அடித்தால் தொடமாட்டாள்; கூப்பிடுகிறவர் எவ்வளவு அவசரக்காரராக இருந்தாலும் சார்ஜ் ஏறி முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். லிப்ட் வைத்த கம்பெனியில் நான்கு வருடம் ஐந்தாவது மாடிக்குப் படியேறியே போய் வந்தவள். அவள் கணவன் இசக்கிமுத்து, துணிக்கு ஆவி கொடுத்து அழுத்தும் கம்பாக்டிங் மெஷினில் நிற்கிறவன். அந்த மெஷினைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது கல்யாணமான வருடமே போட்ட சட்டம்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து பதினாறு வருடம் அவள் செக்கிங்கில் இருந்தாள். தைத்து வரும் பனியனை மேசையில் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து, நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறை வெட்டி அனுப்புகிற வேலை. பயந்த சுபாவக்காரர்களுக்கென்றே உண்டான வேலை அது. எங்கேயோ ஏதோ தப்பு இருக்கிறது என்று நாள் முழுக்க நம்புகிறவர்கள்தான் அதில் நிலைத்து நிற்க முடியும். ராமுத்தாய் பார்த்து அனுப்பிய பீஸ் ஒன்றுகூடத் திரும்பி வந்தது கிடையாது.

அதனால்தான் ஷாரிக் அவளைத் தேடி வந்தான். அவன் அப்பா நஜீமுதீன், அவிநாசி ரோட்டுப் பக்கம் வேஸ்ட் குடோன் வைத்திருப்பவர். பனியன் வெட்டியது போக மிஞ்சும் துண்டுத் துணிதான் அவருக்கு வியாபாரம். மகனுக்குப் பித்து வேறொன்றில் இருந்தது. மேசைமேல் குட்டிக் குட்டி பிளாஸ்டிக் வீரர்களை நிறுத்தி, தாயக்கட்டை உருட்டி, சண்டை போடும் விளையாட்டு. அந்த வீரர்கள் முழு ஆளாக வருவதில்லை. கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கமாக ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் தொங்கிக்கொண்டு வருவார்கள். வெட்டி எடுத்து, ஓரத்துப் பிசிறைச் சுரண்டி, எண் பார்த்து ஒட்டி நிறுத்த வேண்டும். வெளிநாட்டில் இதை விளையாடுகிற பலருக்கு ஒட்டுவதற்குப் பொறுமை இல்லை. பெட்டி பெட்டியாக ஷாரிக்குக்கு அனுப்பிவிடுவார்கள். கட்டைவிரல் உயர பொம்மையில் மயிரிழைப் பிசிறு இருந்தாலும் கண்டுபிடிக்கிற கண் அவனுக்குத் தேவைப்பட்டது. செக்கிங்கில் இருந்த மூன்று பெண்களைக் குடோன் மாடியில் மேசை போட்டு உட்கார வைத்தான். ராமுத்தாய் ஒருத்தி. அவளுக்குப் பக்கத்துத் தெருவில் லைன் வீட்டில் குடியிருக்கும் மூக்கம்மாள் இன்னொருத்தி. மூன்றாவது ஆள் அவிநாசிக்காரியான ஜானகியம்மாள்.

"வளந்த ஆம்பளையா இத வச்சு வெளாடுதான்?" என்று முதல் நாளே கேட்டாள் மூக்கம்மாள். சங்கரன்கோவில்காரி, வாயில் எதுவும் தங்காது.

"ஆமாங்க்கா. டாக்டரு, வக்கீலு எல்லாரும் வெளையாடுறாங்க" என்றான் ஷாரிக்.

"வெளங்கும்" என்று சொல்லிவிட்டு ஒரு எலும்புக்கூட்டுப் படைவீரனை எடுத்து இடுப்பை ஒட்டத் தொடங்கினாள்.

ராமுத்தாய்க்கு எலும்புக்கூடுகள் ஆகாது. பல் நீட்டிய பச்சை அரக்கர்களும் ஆகாது. ஆனால் அவர்களை எல்லாம்விட, சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது தலை இல்லாமல் வரிசையாக நிற்கிறவர்களைத்தான் அவளால் பார்க்கவே முடியாது. அதனால் ஒட்டும் முறைக் காகிதத்தில் என்ன போட்டிருந்தாலும் அவள் முதலில் தலையைத்தான் ஒட்டுவாள். ஒருமுறை நாற்பது குதிரைவீரர்களுக்கு அப்படித் தலையை வைத்துவிட, கழுத்துக் கவசம் மாட்ட வழியில்லாமல் போயிற்று. ஷாரிக் தன் தலையில் கை வைத்துக்கொண்டான். அப்படியும் அவளை அனுப்ப அவனுக்கு மனம் வரவில்லை. அவள் சுரண்டிய பொம்மையில் பிசிறு தேட அவனே பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

பசை இரண்டு வகை. பிளாஸ்டிக்கை பிளாஸ்டிக்கோடு சேர்க்க உருக்கும் பசை. தண்ணீர் மாதிரி இருக்கும், தொட்ட இடத்தைக் கொஞ்சம் கரைத்து ஒன்றாக்கிவிடும். ரெசின் என்ற இன்னொரு வகைப் பொம்மைக்கு அது பிடிக்காது. அதற்கு வேகப் பசை. மூன்று எண்ணுவதற்குள் இறுகிவிடும். இந்த வேகப் பசைதான் ராமுத்தாயைப் பிடித்து ஆட்டியது. இரண்டு விரல் ஒட்டிக்கொண்டால்? அதே விரலால் கண்ணைத் தேய்த்துவிட்டால்? பிரிக்கும்போது தோல் உரிந்து வந்தால்? கீழே குடோன் முழுக்கப் பஞ்சுத் துணி வேறு. எங்கேயாவது ஒரு பொறி விழுந்தால் மாடியிலிருந்து இறங்க ஒரே ஒரு படிக்கட்டு. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் வீட்டிலிருந்து ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து, நிறையத் தண்ணீர் பிடித்துக் கதவோரம் வைத்தாள். தினமும் காலையில் பழைய தண்ணீரைக் கொட்டிப் புதுத் தண்ணீர் பிடிப்பாள்.

"ஏட்டி, குடோன் பத்திக்கிட்டா இந்த ஒரு வாளிய வச்சு என்ன செய்வ? கால் கழுவிக்கிட்டுச் சாவியா?" என்பாள் மூக்கம்மாள்.

"இருக்கட்டும் மதினி. இருந்தா என்ன கொறஞ்சு போச்சு?"

ஷாரிக் மெல்லிய ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்திருந்தான். அதைப் போட்டால் வியர்வையில் விரல் ஊறி, பொம்மையின் குண்டூசி அளவு வாளைப் பிடிக்க முடியவில்லை. இரண்டாம் நாளே மூவரும் கழற்றிப் போட்டுவிட்டார்கள். அப்போதுதான் ராமுத்தாய்க்கு அந்த யோசனை வந்தது. கீழே மலைமலையாகக் கிடந்த வேஸ்டிலிருந்து நல்ல வெள்ளைப் பருத்தித் துண்டுகளாகப் பொறுக்கி எடுத்தாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றுக்கும் கச்சிதமாக உறை தைத்து, மணிக்கட்டில் கட்டிக்கொள்ள நாடா வைத்தாள். காற்றும் போகும், பிடியும் கிடைக்கும். திருப்பூரில் எண்ணெய் சிந்தினாலும் மை சிந்தினாலும் ரத்தமே சிந்தினாலும் கை முதலில் பனியன் வேஸ்டைத்தான் தேடும். அதைவிடச் சாதுவான பொருள் உலகத்தில் உண்டா?

"அட்டகாசமுங்க்கா!" என்றான் ஷாரிக். ஜானகியம்மாள் மறுநாளே தனக்கும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டாள். சில நாள் உறையின்மேல் பசைச் சொட்டு விழும்போது ராமுத்தாய்க்கு விரல்நுனி சுள்ளென்று இருக்கும். தன் பயம்தான் சுடுகிறது என்று நினைத்துக்கொள்வாள். வாழ்நாள் முழுக்க அவளை அப்படிச் சொல்லிச் சொல்லியே எல்லோரும் பழக்கி வைத்திருந்தார்கள்.

மூக்கம்மாள் மட்டும் போடவில்லை. மூன்று வாரம் ராமுத்தாய் விடாமல் நச்சரித்தாள். "மதினி, ஒங்க கைய நம்பித்தான ஒங்க பொழப்பே ஓடுது. போட்டுக்கங்க மதினி." காலையில் ஒருமுறை, டீ குடித்த பிறகு ஒருமுறை, சாப்பிட்ட பிறகு ஒருமுறை. கடைசியில் ஒரு வியாழக்கிழமை மூக்கம்மாள் கையை நீட்டினாள்.

"குடுட்டி. நீ வாய மூடுதியான்னு பாக்கேன். அதுக்காகவாவது போட்டுத் தொலைக்கேன்."

ராமுத்தாயே அவள் மணிக்கட்டில் நாடாவைக் கட்டிவிட்டாள். இறுக்கமாக, நழுவாதபடிக்கு இரண்டு முடிச்சு.

அன்றைக்கு மேசையில் ஒரு பெரிய பறக்கும் பாம்பு இருந்தது. சிறகு இரண்டும் ரெசின். ராமுத்தாய் உடம்பைப் பிடித்துக்கொள்ள, மூக்கம்மாள் இடது கையில் சிறகையும் வலது கையில் வேகப் பசை பாட்டிலையும் வைத்திருந்தாள். பாட்டில் மூக்கு அடைத்திருந்தது. குண்டூசியால் குத்திப் பார்த்தாள், வரவில்லை. அழுத்தினாள். மூக்கு அப்படியே பிய்த்துக்கொண்டு வர, பாதிப் பாட்டில் பசை இடது கை உறைமேல் கொட்டியது.

முதலில் யாரும் பதறவில்லை. "போச்சு, சிறகு போச்சு" என்றுதான் மூக்கம்மாள் சொன்னாள். அதற்குள் அவள் விரல்களிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது. நெருப்பு இல்லை, பொறி இல்லை, வெறும் புகை. கண்ணைக் கரிக்கும் புகை. மூக்கம்மாள் அலறிய அலறலில் கீழே குடோனில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஆட்கள் படியேறி ஓடி வந்தார்கள். "கழத்து, கழத்து!" என்று கத்திக்கொண்டு அவளே உறையைப் பிடித்து இழுக்கப் போனாள். உறை துணியாக இல்லை. கல்லாக இறுகி விரலோடு விரலாக இருந்தது. நாடா வேறு இரண்டு முடிச்சு.

ராமுத்தாய்க்குக் கை கால் ஓடவில்லை. பறக்கும் பாம்பைக் கையில் பிடித்தபடியே நின்றாள். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு மூக்கம்மாளின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், சிவப்பு வாளிக்குள் கையை முழங்கைவரை அமுக்கினாள். இழுக்க விடவில்லை. மூக்கம்மாள் மற்ற கையால் அவளை முதுகில் குத்தினாள், தலைமுடியைப் பிடித்தாள். ராமுத்தாய் விடவே இல்லை. ஷாரிக் ஆட்டோ பிடித்து வர, வாளியை மடியில் வைத்து, கையைத் தண்ணீருக்குள் வைத்தபடியே மூக்கம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

உறையை ஊற வைத்து, துண்டு துண்டாக வெட்டி எடுக்க டாக்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு விரல் நன்றாக வெந்திருந்தது. தோல் வந்துவிடும், விரல் மடங்குமா என்பதைப் பிறகு பார்க்கலாம் என்றார். ரசாயனம் பட்டுச் சுட்ட புண் என்று சீட்டில் எழுதினார். "மட்டமான பசையை நம்ம தலையில கட்டீட்டாங்க" என்று ஷாரிக் அந்த வகை பாட்டில் அத்தனையும் திருப்பி அனுப்பி, வேறு கம்பெனிப் பசை வாங்கினான். எல்லோருக்கும் அதுதான் காரணமாகத் தெரிந்தது.

ராமுத்தாய்க்கு மட்டும் மனம் ஆறவில்லை. மறுநாள் மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம், உடைந்த பாட்டிலில் அடியில் தங்கியிருந்த பசையை எடுத்து ஒரு பிளாஸ்டிக் சட்டத்தின்மேல் விட்டாள். ஒன்றும் ஆகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தன் நகத்தின்மேல் ஒரு சொட்டு விட்டாள். ஜில்லென்று இருந்தது, அவ்வளவுதான். தரையில் ஓர் உடைந்த கூரை ஓட்டுத்துண்டை வைத்து, அதன்மேல் தன் உறை ஒன்றைப் போட்டு, மிச்சத்தைக் கவிழ்த்தாள். புகை வந்தது. செக்கிங்கில் ஒரு பீஸில் கறை கண்டால் அதே கட்டிலிருந்து மூன்று பீஸ் எடுத்துப் பார்க்க வேண்டும். புதிதாக வந்த வேறு கம்பெனிப் பாட்டிலைப் பிரித்து இன்னொரு துணித் துண்டில் விட்டாள். அதற்கும் புகை வந்தது. மூன்றாவதற்கும் வந்தது.

ஆகவே பசையில் குற்றம் இல்லை. பருத்தியில் பட்டால் இது கொதிக்கிறது. வெறும் கையில் கொட்டியிருந்தால் விரல் ஒட்டியிருக்கும், இரண்டு நாளில் உரிந்திருக்கும். உறை போட்டதால்தான் வெந்தது. தைத்தவள் அவள். மூன்று வாரம் நச்சரித்தவள் அவள். முடிச்சுப் போட்டவளும் அவள். குக்கருக்கும் லிப்டுக்கும் பயந்ததெல்லாம் ஒரு பயமா என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை மூக்கம்மாள் வீட்டுக்குப் போனாள். மூக்கம்மாள் கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவளைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

"வாட்டி, வா. ஒன்னைய எவ்வளவு ஏசிருப்பேன்! நீ மட்டும் அந்த ஒறையப் போடச் சொல்லலேன்னா எலும்பு வரைக்கும்லா வெந்துருக்கும். வாளி, வாளின்னு ஒன்னையக் கேலி பண்ணேனே, அந்த வாளிதான் என்னையக் காப்பாத்துச்சு." ஒற்றைக் கையால் காப்பி போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள். "திரும்பி வரும்போது எனக்குப் புதுசா ஒரு ஒறை தச்சு வச்சிருக்கணும். கேட்டியா?"

ராமுத்தாய் டம்ளரை வாங்கினாள். காப்பியைக் குடித்தாள். தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து படுத்தவள் இசக்கிமுத்துவிடம்கூட வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் செய்ததை என்ன சொல்வது? ஜானகியம்மாளின் உறையைத் துவைத்துத் தருகிறேன் என்று வாங்கி, தன்னிடம் மிஞ்சியதையும் சேர்த்துக் கத்தரித்துக் குப்பையில் போட்டாள். மாடியில் கிடந்த துணித் துண்டு ஒன்று விடாமல் பொறுக்கிக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்தாள். ஜானகியம்மாள் தினமும் கேட்பாள், "ஏனுங் ராமுத்தாயி, ஒறை இன்னும் காயலீங்களா?" ராமுத்தாய் தினமும் ஒரு பொய் சொல்வாள். யாராவது வேகப் பசையை எடுத்தால் அவள் கண் அவர்கள் மடியில் துணி இருக்கிறதா என்று பார்க்கும். யார் கைக்கும் ஆபத்து வராமல் பார்த்துக்கொண்டோமே, அப்புறம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று தனக்குத்தானே வழக்காடிக்கொள்வாள். வழக்கு எப்போதும் தோற்றது. சாப்பாடு இறங்கவில்லை. இப்படியே இருபத்திரண்டு நாள் போயிற்று.

திங்கட்கிழமை காலை மூக்கம்மாள் வேலைக்கு வந்தாள். இடது கையில் இரண்டு விரலுக்கு மட்டும் மெல்லிய கட்டு. அவை பாதிதான் மடங்கின. அவள் உட்காரக்கூட இல்லை, ஜானகியம்மாள் ஒரு பையைத் திறந்தாள்.

"நீங்க குடுப்பீங்க, குடுப்பீங்கன்னு பாத்தனுங்க. முடியாம நானே தச்சுட்டனுங்க" என்று மூன்று ஜோடி விரலுறையை மேசைமேல் பரப்பினாள். சுத்தமான வெள்ளைப் பருத்தி. மூக்கம்மாளுக்கு வைத்திருந்ததில் நீலக் கரை வேறு. "புண்ணு ஆறுன கைக்கு மெத்துனு இருக்கோணுமுங்கில்ல, அதுனால ரெண்டு மடிப்பா வெச்சுத் தச்சிருக்கறனுங்க."

மூக்கம்மாள் சிரித்துக்கொண்டே அதை எடுத்து, நாடாவைப் பல்லால் கடித்து இழுத்து, நல்ல கையில் மாட்டினாள். மேசைமேல் வேகப் பசை பாட்டில் மூடி திறந்து நின்றது.

"வேண்டாம்" என்று சொல்ல நினைத்தாள் ராமுத்தாய். காற்றுதான் வந்தது. எழுந்தாள். ஜன்னலோரம் கிடந்த அதே ஓட்டுத்துண்டை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். தனக்கென்று வைத்திருந்த ஜோடியை அதன்மேல் போட்டு, பாட்டிலைக் கவிழ்த்தாள்.

மூன்று எண்ணுவதற்குள் புகை எழும்பியது.

"அய்யோ சாமி!" என்று ஜானகியம்மாள் தன் கையிலிருந்ததை உதறினாள். ஷாரிக் ஓடி வந்து அந்த உறையைத் தொட்டுப் பார்த்துச் சட்டென்று விரலை இழுத்துக்கொண்டான். "காட்டன்லீங்களா? காட்டன்ல பட்டாத்தான் இப்படியாகுதா?"

மூக்கம்மாள் தன் கையில் மாட்டியிருந்ததை மெதுவாகக் கழற்றி வைத்தாள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"மறுநாளே தெரியும் மதினி."

"எங்க வீட்டுக்கு வந்தியே, அப்போ?"

"தெரியும்."

"காப்பி குடிச்சியேட்டி" என்றாள் மூக்கம்மாள். குரலை உயர்த்தவில்லை. "ஒத்தக் கையால போட்டுத் தந்தேன். ஒரு சொட்டு விடாமக் குடிச்சியே."

"பயந்துட்டேன் மதினி. நீங்க எங்கூடப் பேசாமப் போயிருவீகளோன்னு பயந்துட்டேன்."

மூக்கம்மாள் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையின் மறுகோடிக்குப் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஷாரிக் குடோனுக்கு இறங்கிப் போய் யாரையோ போனில் விசாரித்துக்கொண்டிருந்தான். ஜானகியம்மாள் தான் தைத்த உறைகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் திரும்ப வைத்தாள். டீ வந்தது. ராமுத்தாய் ஒரு எலும்புக்கூட்டின் தலையைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கழுத்து என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். இனி இந்த மாடிக்கு வர வேண்டியதில்லை, சாயங்காலம் ஷாரிக்கிடம் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்துகொண்டாள்.

பன்னிரண்டு மணி இருக்கும். மூக்கம்மாளின் பக்கத்திலிருந்து பிளாஸ்டிக்கைக் கிர்ரென்று திருகும் சத்தம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. பிறகு நாற்காலி நகர்ந்தது. ராமுத்தாய் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் முன்னால் வேகப் பசை பாட்டில் ஒன்று டக்கென்று வந்து உட்கார்ந்தது.

"மூடியத் திருகிக் குடு. இந்த ரெண்டு வெரலும் புடி தரமாட்டேங்கு."

ராமுத்தாய் பாட்டிலைப் பார்த்தாள். கையில் உறை இல்லை. கை வரவில்லை.

மூக்கம்மாள் கதவுப் பக்கம் போனாள். சிவப்பு வாளியை, தண்ணீர் தளும்பத் தளும்ப, காலால் தள்ளிக்கொண்டே வந்து ராமுத்தாயின் நாற்காலியை ஒட்டி நிறுத்தினாள்.

"வாளி இங்கனதான் இருக்கு. நானும் இங்கனதான் நிக்கேன். தொற."

ராமுத்தாய் திறந்தாள். மூடி சுழன்று வரும்போது ஒரு சொட்டுத் தெறித்து அவள் கட்டைவிரலில் விழுந்தது. ஜில்லென்று இருந்தது. மூக்கம்மாள் தன் நல்ல கையால் பாட்டிலை வாங்கிக்கொள்ளும்வரை அவள் அதைக் கீழே விடவில்லை.